இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்த தந்தை

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



25 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு திண்ணையில், ஒரே விளக்கின் கீழ்த் தொடங்கிய மாலை வகுப்பு இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இந்நன்னாளில் அண்ணல் அம்பேத்கரைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அண்ணலின் புகழை இம்மேடை ஆண்டுதோறும் கேட்டு வருகிறது. அவர் பெற்ற பட்டங்களை நம் பிள்ளைகள் தூக்கத்திலும் ஒப்புவிப்பர். ஆதலின், அவரைப் படிக்க வைத்த மனிதரைப் பற்றிப் பேச இசைவு வேண்டினேன். குழுவினரும் மனமுவந்து இசைந்தனர். அம்மனிதர் அண்ணலின் தந்தையார், சுபேதார் இராம்ஜி மாலோஜி சக்பால்.

தந்தையரை நினைவுகூர நம் திருப்புட்குழி பொருத்தமான ஊர். புள் என்றால் பறவை. சீதையைக் காக்கப் போரிட்டுச் சிறகிழந்து வீழ்ந்த சடாயுவுக்கு, தன் தந்தைக்குச் செய்வது போலவே இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று இவ்வூர்த் தலபுராணம் கூறும். திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற, 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான விசயராகவப் பெருமாள் கோயில் இங்கேதான் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் கோயில் நுழைவுச் சட்டத்திற்கு முன், மாகாணத்தின் பல இடங்களில் நம் முன்னோர் இத்தகைய கதைகளை மதிலுக்கு வெளியே நின்றே கேட்டனர். ஆயினும் கதையின் பொருளை எந்த மதிலும் தடுக்கவில்லை. நமக்காகச் சிறகிழந்தவர் நம்மைப் பெற்றவர் அல்லராயினும், அவருக்கு நாம் பிள்ளைக் கடன் பட்டவர்கள். பெற்று வளர்த்து, அதற்காகவே சிறகையும் இழந்தவருக்கு நாம் பட்ட கடன் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

இராம்ஜியின் பூர்வீகம் மராட்டியத்தின் இரத்தினகிரி மாவட்டத்திலுள்ள அம்பவடே என்னும் சிற்றூர். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மகர் வகுப்பில் பிறந்தவர். அவருடைய தந்தை மாலோஜியும் படைவீரரே. சென்னைப் படையில் நம் முன்னோர் பலர் பணியாற்றியது போலவே, பம்பாய்ப் படையில் மகர்கள் பெருமளவில் பணியாற்றினர். ஊருக்குள் கிணற்றையும் பள்ளியையும் நெருங்க முடியாதிருந்த அம்மக்களுக்குப் படை ஒரு கதவைத் திறந்தது. வீரர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் அங்கே எழுத்தறிவு கிட்டியது. இராம்ஜி அக்கதவின் வழியே நுழைந்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, படைப் பள்ளியொன்றில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தார். சுபேதார் பதவி வரை உயர்ந்தார். மோவ் படை முகாமில் 1891 ஏப்ரல் 14 அன்று அவருக்கும் பீமாபாய் அம்மையாருக்கும் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தவரே அண்ணல்.

சில ஆண்டுகளில் இராம்ஜி ஓய்வு பெற்றார். ஏறத்தாழ அதே காலத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்திவிட்டது. தாம் நுழைந்து வந்த கதவு தம் பின்னே சாத்தப்பட்டதைக் கண்ட அவர், நமக்குத்தான் வேலை கிடைத்துவிட்டதே என்று வாளாவிருக்கவில்லை. நீதிபதி இரானடே அவர்களின் துணையுடன் அரசுக்கு முறையீடு எழுதினார். தம் வீட்டை மட்டும் காப்பவர் நல்ல குடும்பத் தலைவர். தம் தெருவின் அடுத்த தலைமுறைக்கும் வழி கேட்பவர் அவரினும் மேலானவர். இராம்ஜி இரண்டாம் வகையினர்.

பின்னர் அவர் குடும்பத்துடன் தாபோலியிலும் அதன்பின் சாத்தாராவிலும் வாழ்ந்தார். சாத்தாராவில் பீமாபாய் அம்மையார் மறைந்தார். அண்ணலுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். பிறந்த பதினான்கு குழந்தைகளில் பலராம், ஆனந்தராவ், பீமராவ் என்னும் மூன்று ஆண்மக்களும், மஞ்சுளா, துளசி என்னும் இரு பெண்மக்களுமே எஞ்சினர். உடல் ஊனமுற்ற அத்தை மீராபாய் பிள்ளைகளைத் தாயினும் மேலாகப் பேணினார். இராம்ஜி கபீர் நெறியைப் பின்பற்றியவர். மதுவையும் புலாலையும் தொடாதவர். காலையும் மாலையும் வீட்டில் வழிபாட்டுப் பாடல்கள் ஒலிக்க வேண்டும், பிள்ளைகள் அமர்ந்து படிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. ஆங்கிலமும் கணக்கும் தாமே கற்பித்தார். 1900ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று பீமராவைச் சாத்தாராவின் அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார். அந்நாளை இன்று மராட்டிய மாநிலம் மாணவர் தினமாகக் கொண்டாடுகிறது.

அப்பள்ளி நாட்களில் பிள்ளை பட்ட துன்பங்களை நீங்கள் அறிவீர்கள். தனியே கோணித் துண்டில் அமர்ந்ததும், பிறர் ஊற்றினாலன்றித் தண்ணீர் குடிக்க முடியாதிருந்ததும் அண்ணலே எழுதி வைத்த செய்திகள். தந்தையின் பக்கம் நின்று பார்க்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்றை மட்டும் கூறுகிறேன்.

1901ஆம் ஆண்டில் இராம்ஜி கோரேகாவில் காசாளராக இருந்தார். பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு வேலையளிக்க அங்கே ஏரி ஒன்று வெட்டப்பட்டு வந்தது. கோடை விடுமுறைக்குத் தம்மிடம் வருமாறு பிள்ளைகளுக்கு எழுதினார். பிள்ளைகள் புத்தாடையும் புதுத் தொப்பியும் அணிந்து இரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினர். அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. அவர்கள் எழுதிய கடிதத்தை இராம்ஜியின் பணியாள் அவரிடம் கொடுக்க மறந்துவிட்டிருந்தார். சாதி தெரிந்ததும் நிலைய அதிகாரி விலகினார். வண்டிக்காரர்கள் மறுத்தனர். இரட்டிப்புக் கூலி பெற்றுக்கொண்டு, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, ஒருவர் உடன் நடந்து வந்தார். கையில் சோறு இருந்தது. இரவு முழுதும் குடிக்கத் தண்ணீர் கிட்டவில்லை. மறுநாள் முற்பகலில் வாடிய முகத்துடன் நின்ற பிள்ளைகளைக் கண்டு தந்தை திகைத்தார். படையில் பதவி வகித்தவர், அரசுப் பணத்தைக் காத்தவர், ஆங்கிலம் அறிந்தவர். அத்தனையும் இருந்தும் தம் பிள்ளைக்கு ஒரு குவளைத் தண்ணீரை வழியில் உறுதி செய்ய அவரால் இயலவில்லை. அந்தத் தந்தையின் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்!

அவரிடம் குறையே இல்லை என்று நான் கூற வரவில்லை. அவர் மறுமணம் செய்துகொண்டார். தாயின் இடத்தில் இன்னொருவர் வந்ததைச் சிறுவன் பீமராவின் மனம் ஏற்கவில்லை. பம்பாய்க்கு ஓடிப்போய் ஆலைத் தொழிலாளியாகப் பிழைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். வழிச்செலவுக்காக, உறங்கும் அத்தையின் இடுப்பிலிருந்த பணப்பையை இரவுதோறும் எடுக்க முயன்றார். ஒருவழியாகப் பை கைக்கு வந்தபோது அதில் இருந்தது அரையணா! அந்த அரையணா அவரை வெட்கமுறச் செய்தது. இனி நன்றாகப் படித்துத் தன் காலில் நிற்பது என்று அன்று உறுதி பூண்டார். இளைஞர்களே, ஆலைத் தொழில் இழிவன்று. ஆயினும் அப்பையில் இரண்டு ரூபாய் இருந்திருந்தால் இந்நாட்டின் அரசியல் சட்டத்தை வரைந்த கை எங்கே போயிருக்கும் என்று எண்ணுங்கள். விடியற்காலையில் நெடுஞ்சாலையில் வந்து நிற்கும் கம்பெனி வண்டி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பிள்ளையை அழைக்கும்போது, இந்த அரையணாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

1904ஆம் ஆண்டில் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. பரேல் பகுதியில் தொழிலாளர் வாழும் நெருக்கமான குடியிருப்பில் ஒரே அறை. சமைப்பதும் அங்கே, உண்பதும் அங்கே, உறங்குவதும் அங்கே. தலைமாட்டில் மாவரைக்கும் கல், கால்மாட்டில் ஆடு, மேலே விறகு. இருவர் ஒரே நேரத்தில் கால் நீட்ட இடமில்லை. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகனுக்கு அமைதியும் வேண்டும், இடமும் வேண்டும். இராம்ஜி ஓர் உபாயம் செய்தார். மாலையிலேயே மகனை உறங்கச் செய்துவிட்டுத் தாம் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பி விளக்கின் முன் அமர்த்துவார். மகன் எழுந்த இடத்தில் பின்னர் தாம் படுப்பார். ஊர் உறங்கும் அந்த அமைதியில் மகன் படிப்பார்.

நான் ஆசிரியன். பாட அட்டவணை தயாரிப்பது என் தொழில். ஆயினும் இதனைவிடச் சிறந்த அட்டவணை ஒன்றை நான் கண்டதில்லை. இடமில்லாத அறையில், நேரத்தைக் கொண்டு இடம் உண்டாக்கினார் அந்த மனிதர். கைப்பாங்கு என்பது உளியும் சுத்தியும் பிடிப்பது மட்டுமா? உள்ளதைக் கொண்டு இல்லாததை ஆக்கத் தெரிந்தவரே கைப்பாங்கு உடையவர்.

புத்தகம் வாங்க வேண்டுமே, பணம்? பாடநூல் மட்டுமின்றி வேறு நூல்களும் மகன் கேட்பார். இராம்ஜி இல்லை என்று கூறியதில்லை. திருமணமாகி வாழும் மகளிடம் செல்வார். அவரிடம் பணம் இல்லையெனில் மற்றொரு மகளிடம் செல்வார். அவர்கள் ஒரு நகையைக் கழற்றிக் கொடுப்பர். அதனை அடகு வைத்துப் புத்தகம் வாங்கி வந்து, ஓய்வூதியம் கைக்கு வந்ததும் மீட்டுக் கொடுப்பார். இருவரைப் படிக்க வைக்க இயலாத நிலையில் அண்ணன் ஆனந்தராவ் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றார். 1907இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். அவ்வெற்றிக்குப் பின்னே ஒரு தந்தையின் கண் விழிப்பும், அண்ணனின் உழைப்பும், அக்கைமாரின் நகையும் இருந்தன.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு செய்தியுடன் இராம்ஜியை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். இத் திருப்புட்குழியில்தான் இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டார் என்று வைணவ குருபரம்பரை கூறுகிறது. ஆசிரியர் சொன்ன பொருளை மாணவர் மறுத்தார். ஆசிரியர் சினந்தார். காசி யாத்திரையின் வழியில் மாணவரின் உயிரையே போக்கச் சூழ்ந்தார் என்பது கதை. கேள்வி கேட்ட பிள்ளைக்குக் கிடைத்த பரிசு அது.

இராம்ஜியின் வீட்டிலும் கேள்வி எழுந்தது. பீமராவ் தேர்வொன்றில் தேறியபோது தெருவார் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினர். பிள்ளைக்குத் தலைக்கனம் ஏறும் என்று இராம்ஜி மறுத்தார். அவருடைய நண்பரான கேலுஸ்கர் என்னும் அறிஞர் வாதிட்டு இசைய வைத்தார். அக்கூட்டத்தில் கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைச் சிறுவனுக்குப் பரிசளித்தார். அதனைப் படித்த மகன் தந்தையிடம் கேட்டார்: எங்களை ஏன் பாரதமும் இராமாயணமும் மட்டும் படிக்கச் சொன்னீர்கள்? பௌத்த நூல்களை ஏன் காட்டவில்லை? தந்தைக்குக் கேள்வி பிடிக்கவில்லை. சிறுபிள்ளை சொன்னபடி செய்தால் போதும் என்று அடக்கினார். மகன் சில நாள் கழித்து மீண்டும் கேட்டார். இம்முறை தந்தை விடையோடு காத்திருந்தார். நாம் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டதால் தாழ்வு மனப்பான்மை பிள்ளைகளைப் பற்றிவிடக் கூடாது, எளிய நிலையில் பிறந்தோரும் உயர்ந்த கதை அந்நூல்களில் உண்டு என்று கூறி, கர்ணனையும் வான்மீகியையும் எடுத்துக்காட்டினார். மகனுக்கு அதுவும் நிறைவளிக்கவில்லை. அக்காப்பியங்களின் தலைவர்களைத் தமக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே கூறினார். தந்தை மௌனமானார். தம் வீட்டில் ஒரு புரட்சி தோன்றிவிட்டதை அவர் உணர்ந்தார் என்று, 1956இல் புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலுக்கு எழுதிய முன்னுரையில் அண்ணல் குறிப்பிடுகிறார். தாம் புத்தரிடம் திரும்பியது இவ்வாறே என்றும் கூறுகிறார்.

பெற்றோர்களே, இதனைக் கவனியுங்கள். முதன்முறை அதட்டினார், அது நம் எல்லார் வீட்டிலும் நடப்பது. அடுத்த முறை கேள்வி வருவதற்குள் தாமே சிந்தித்து விடை தேடி வைத்தார்; அது சில வீடுகளில் நடப்பது. விடை போதவில்லை என்று பிள்ளை கூறியபோது, கை ஓங்காமல் மௌனமாக இருந்தார். அதற்குப் பெருந்தன்மை வேண்டும். தாம் நம்பியதை மகன் ஏற்கவில்லை என்பதற்காக அவர் புத்தகம் வாங்குவதை நிறுத்தவில்லை. தம்மினும் தூரம் செல்லப் போகிறவன் என்று தெரிந்தே விளக்குக்கு எண்ணெய் வார்த்தார்.

பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைத்தது. 1912இல் மகன் பி.ஏ. தேறினார். 1913 சனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தை நோயுற்ற செய்தி வந்தது. விரைந்து புறப்பட்ட மகன், தந்தைக்கு இனிப்பு வாங்கச் சூரத்தில் இறங்கினார். அதற்குள் இரயில் சென்றுவிட்டது. மறுநாளே வீடு சேர முடிந்தது. கண்களால் மகனைத் தேடிக்கொண்டிருந்த தந்தை, மகனின் முதுகைத் தடவிக் கொடுத்தபடியே உயிர் நீத்தார். அது 1913 பிப்ரவரி 2. அவ்வாண்டிலேயே மகன் நியூயார்க்கு சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த வெற்றிகளில் ஒன்றையும் தந்தை காணவில்லை. 1923இல் வெளிவந்த ரூபாயின் சிக்கல் என்னும் தம் ஆய்வு நூலை அண்ணல் தாய் தந்தையரின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

அன்பர்களே, இராம்ஜியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் தந்தையாரின் நினைவு வரும். அவர் எந்தப் பள்ளிக்கூடத்துப் படியையும் மிதிக்காதவர். கூலிக்கு ஏர் ஓட்டினார். வயலில் வேலையில்லாத நாட்களில் கூரை வேய்வார், கயிறு திரிப்பார், கட்டில் பின்னுவார். தெருவில் யார் வீட்டில் எது உடைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மைப்புட்டியின் மூடியில் துளையிட்டுத் திரி செருகி எனக்கு விளக்குச் செய்து கொடுத்தார். வெளுத்துப் போன சிலேட்டுக்குக் கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசிக் கறுப்பேற்றினார். உடைந்த மாட்டுவண்டிப் பலகையை இழைத்து எழுதுபலகை ஆக்கினார். நான் படிக்கும் வரை எதிரே அமர்ந்து கயிறு திரித்துக்கொண்டிருப்பார். நான் என்ன படிக்கிறேன் என்பது அவருக்குப் புரியாது. நான் வாயை மூடினால் மட்டும் உடனே புரிந்துவிடும்!

இன்னொன்றையும் இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பி.எட். சேர்ந்தபோது கட்டணத்துக்கு வழியில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் களையெடுக்கச் சென்றிருந்த என் அக்கா, தம் கம்மலைக் கழற்றித் தந்தையார் கையில் வைத்தார். இராம்ஜி மகளின் நகையை மீட்டுக் கொடுத்தார். ஓய்வூதியம் என்னும் சொல்லையே கேட்டிராத என் தந்தையாரால் மீட்க முடியவில்லை. கம்மல் ஏலத்தில் போயிற்று. பின்னாளில் நான் வேறு கம்மல் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அவர் விட்ட ஆறாம் வகுப்பை எந்தக் கடையில் வாங்குவேன்? அக்கா இன்று இந்தக் கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறார்.

நம் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை நீங்கள் அறிவீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மரபு முறையில் அதனை ஒருவர் மட்டும் நெய்ய முடியாது. தறியின் ஒரு முனையில் இன்னொருவர் அமர்ந்து கரைக்கான நாடாவை எறிந்தால்தான் உடலும் கரையும் பிணையும். சேலையைப் புகழ்பவர் நெய்தவரின் பெயரைக் கேட்பதே அரிது. துணைக்கு அமர்ந்தவரைக் கேட்பார் எவருமில்லை. அந்த இடத்தில் முற்காலத்தில் பெரும்பாலும் அமர்ந்தது பள்ளிக்குப் போக வேண்டிய சிறுபிள்ளை என்பதையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு பட்டதாரியும் ஒரு கோர்வைச் சேலையே. மறு முனையில் தந்தையோ, தாயோ, அக்காவோ, அண்ணனோ அமர்ந்திருப்பர். பட்டம் பெற்றவரின் பெயரோடு அவர்களையும் நினைப்பதற்காகவே இன்று இராம்ஜியைப் பற்றிப் பேசினேன்.

நினைவு கூர்வதோடு கடன் தீர்ந்துவிடாது. மூன்று வேண்டுகோள்களை வைத்து அமைகிறேன். முதலாவது, பெற்றோர்களுக்கு. உங்கள் வீடு சிறியதாக இருக்கலாம். பரேல் அறையினும் சிறியதன்று. தொலைக்காட்சியும் கைப்பேசியும் அடங்கிய இரண்டு மணி நேரத்தைப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் எதிரே அமருங்கள். இரண்டாவது, குடும்பத்தாருக்கு. இனி அண்ணன் தம்பியின் படிப்புக்காக எந்தப் பெண்ணின் படிப்பும் நிற்கக் கூடாது. அக்கைமாரிடம் நாம் பட்ட நகைக்கடனை அவர்களுடைய மகள்களின், பேத்திகளின் பட்டமாகத் திருப்பிக் கொடுப்போம். மூன்றாவது, வேலைக்குச் சென்றுவிட்ட இளைஞர்களுக்கு. தாம் நுழைந்த கதவு சாத்தப்பட்டபோது முறையீடு எழுதிய இராம்ஜியை நினையுங்கள். வாரத்தில் ஒரு மாலை நம் வகுப்புக்கு வந்து, பின்னே வரும் பிள்ளைக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுங்கள்.

அன்று பரேலில் இரவு இரண்டு மணிக்கு ஒருவர் விழித்திருந்தார். அதனால் ஒரு சமுதாயமே விழித்தது. இந்தச் சங்கத்தின் அடுத்த 25 ஆண்டுகளில், நம் தெருவின் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரேனும் அவ்வாறு விழித்திருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

ஜெய்பீம்.